குருவம்மாவின் சேலை

கண்மாய்க்குள் காணாமல் போன பிள்ளைக்கு அஞ்சு வயசு. பேர் ராக்கு. தேட ஆரம்பித்து அன்றைக்கு நாலாம் நாள்.

தாய் குருவம்மா விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை செய்கிறவள். அடுக்கிய கருவேல விறகுக்கு மண் பூசிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நிழலில் உட்கார வைத்திருந்த பிள்ளை இல்லை. எதிரே தண்ணீர் வற்றிய கண்மாய். அது முழுக்கச் சீமைக்கருவேல். உள்ளே போனால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது.

இரண்டு ஊர் ஜனமும் தேட வந்தது. ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். சாலையோரத்து மடத்திலிருந்து மங்கையர்க்கரசி அம்மாளும் அவருடைய சீடர் சிதம்பரநாதனும் வந்தார்கள். சிதம்பரநாதன் முன்பு பஸ் கண்டக்டர். மனைவி தவறிய பிறகு மடத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

முதல் நாள் ஒரே புதரை ஒன்பது பேர் பார்த்தார்கள். அதற்கு அடுத்த புதரை ஒருவரும் பார்க்கவில்லை. அதைக் கண்டு சிதம்பரநாதன்தான் ஒரு வழி சொன்னார். குனிந்து உள்ளே பார்த்து முடித்த புதரில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட வேண்டும். துணியைக் கண்டால் அடுத்தவர் தாண்டிப் போய்விடலாம்.

இவ்வளவு துணிக்கு எங்கே போவது என்று கேட்டார்கள்.

குருவம்மா குடிசைக்குப் போய்த் தன் மாற்றுச் சேலையை எடுத்து வந்தாள். மஞ்சள் பூப்போட்ட நூல்சேலை. கரையைப் பல்லால் கடித்து, நீள நீளமாகக் கிழித்து, சிதம்பரநாதன் கையில் கொடுத்தாள்.

"நல்லாப் பாருங்க சாமி" என்றாள்.

"கண்டக்டர் சாமி டிக்கெட் கிழிக்கிறாரு. எந்தப் புதரும் வித்தவுட்ல நிக்கக் கூடாது" என்றார் ஆட்டோ ஓட்டுகிற செய்யது.

சிதம்பரநாதனும் சிரித்தார். அது இரண்டாம் நாள். அன்றைக்கு இன்னும் சிரிக்க முடிந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் கண்மாய் எங்கும் மஞ்சள் துணி. துணி இல்லாத புதர் இல்லை. எல்லாரும் கரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தொண்டை கட்டிப்போய், பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட ஒருவருக்கும் குரல் இல்லை. தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று பேச்சு வந்தது. யார் சொல்வது?

"நீங்க சொன்னா தாங்கிக்குவா சாமி" என்றார் செய்யது.

சிதம்பரநாதன் அம்மாளிடம் வந்து நின்றார்.

"எல்லா இடமும் பார்த்தாச்சுன்னு குருவம்மாகிட்ட சொல்லிடட்டுமா அம்மா?"

அம்மாள் கரையிலிருந்து மெல்ல இறங்கினார். முதல் புதரில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். இரண்டாவது புதருக்குப் போனார்.

"அம்மா, அது பார்த்த புதர்."

"ம்."

"இதுவும் பார்த்ததுதான்."

"யார் பார்த்தது?"

"நம்ம ஆளுகதான். நம்ம ஆளுகளையே நம்பலேன்னா எப்படி?"

அம்மாள் முடிச்சை நகத்தால் நெகிழ்த்திக்கொண்டே சொன்னார்.

"நேத்து மத்தியானம் எனக்கு முட்டி மடங்கலே. ஒரு புதரிலே குனியாமலே துணியைக் கட்டிட்டேன்."

சிதம்பரநாதன் சுற்றிலும் பார்த்தார். எல்லாப் புதரும் ஒன்று போலவே இருந்தன.

"எந்தப் புதர் அம்மா?"

"தெரிஞ்சா அதை மட்டும் அவிழ்த்திருப்பேனே."

சிதம்பரநாதன் பக்கத்துப் புதரின் முடிச்சில் கை வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கும்மா."

அம்மாள் அடுத்த புதருக்குப் போனார். சிதம்பரநாதன் பின்னாலேயே வந்தார்.

"ரெண்டு மூணு இருக்கும்."

"ம்."

"பின்னால ஆளுக நிக்கிறாங்களேன்னு அவசரம். வாய் சிவசிவான்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணுதான் பார்க்கலே. வழி சொன்னவனே நான்."

"அந்தப் பக்கத்து வரிசையை நீ அவிழ்" என்றார் அம்மாள்.

கரைமேலிருந்து செய்யது பார்த்துக்கொண்டிருந்தார். பீடியை அணைத்துவிட்டு இறங்கி வந்து ஒரு துணியை அவிழ்த்தார். அப்புறம் நூறு நாள் வேலைப் பெண் ஒருத்தி வந்தாள். அப்புறம் இன்னும் நாலைந்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முள் கிழித்த கையோடு சிதம்பரநாதன் அம்மாளிடம் திரும்பி வந்தார்.

"எல்லாத்தையும் அவிழ்த்தா நாளைக்கு முதல்லேருந்து தேடணும்."

"ஆமா."

"நாலு நாளாச்சு. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி இல்லே. இனிமே தேடினா என்னம்மா கிடைக்கும்?"

"எது கிடைச்சாலும் அவளோடது."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்த துணியையெல்லாம் அம்மாள் ஒரு மூட்டையாகக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

குருவம்மா கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூட்டம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நாளைக்குத் துணி வேண்டுமே என்று, உடுத்தியிருந்த சேலையின் முந்தானையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாளோடு வந்த சிதம்பரநாதன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதை என்ன சொல்லி அவ கையில குடுப்பேன் அம்மா?"

"பார்க்கிறோம்னு சொல்லித்தானே வாங்கினோம். பார்க்கலேன்னு சொல்லிக் குடு. மறுபடியும் உன்கிட்டயே நீட்டினா, அப்போ வாங்கிக்க."