இவள் யார் வீட்டுப் பிள்ளை?

குரு என்றால் சீடனைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மந்திரமூர்த்திக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருடைய குரு ஜெஸிந்தா மேடத்துக்கு முப்பதுகூட நிறைந்திருக்காது. வகுப்பில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் மேடம், இவரை மட்டும் 'அண்ணாச்சி' என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் பின் பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். மந்திரமூர்த்திக்கு அது பழகிவிட்டது.

திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர் அவர். தாலி கட்டுவதிலிருந்து பந்தியில் பாயசம் ஊற்றுவது வரை ஒன்று விடாமல் எடுப்பார். எடுத்துக் கொடுத்ததை எந்த வீட்டிலாவது முழுசாக உட்கார்ந்து பார்த்தார்களா என்றால், அப்படி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த அலுப்பில்தான் இந்த வயதில் சினிமா படிக்க வந்து சேர்ந்தார். ஒரே ஒரு ஆளாவது கண் கொட்டாமல் தன் படத்தைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

கடைசி வருடப் பரீட்சை இதுதான்: ஒரு பேய்ப்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. விளம்பரம் செய்து, வெளியாட்களை வரவழைத்து, கல்லூரி அரங்கை நிரப்பியும் காட்ட வேண்டும். போன வருடம் அவருடைய காட்சிக்கு அவர் மனைவியும் வாட்ச்மேனும் வந்திருந்தார்கள். வாட்ச்மேன் பாதியில் தூங்கிப்போனார். பெயில்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம கேமராவத் தூக்கிட்டு மண்டபத்துக்கு வந்துருங்க," என்று மனைவி சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக ஸ்டூடியோவைப் பார்த்துப் பார்த்து அவளும் களைத்திருந்தாள்.

மந்திரமூர்த்தி எடுத்து வந்த இரண்டு நிமிடத்தை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். நீளமான வராந்தா. இருட்டு. வெள்ளை நைட்டியில், முதுகு காட்டியபடி, நீளப் பின்னலோடு ஒரு பெண் நடக்கிறாள். கடைசியில் திரும்புகிறாள். முகமெல்லாம் பவுடர்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நடித்தவள் கூடப் படிக்கும் ஃபெமினா. அவளே மேஜையில் குப்புறப் படுத்துச் சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு மந்திரமூர்த்தி கேட்டார். "மேடம், ஜனங்க எதுக்குத்தான் பயப்படுவாங்க?"

மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். படத்தை மறுபடி ஓடவிட்டு, பவுடர் முகத்தில் நிறுத்தினார்.

"இவ யாரு அண்ணாச்சி?"

"பேயி மேடம்."

"பேயாகதுக்கு முன்னாடி?"

மந்திரமூர்த்தி தலையைச் சொறிந்தார்.

"இவ யாரு வீட்டுப் பிள்ளை?"

"ரெண்டு நிமிசத்துல அதெல்லாம் எப்படி மேடம் காட்ட?"

மேடம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வியை மந்திரமூர்த்தி வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டுவிட்டார். பாவம், மூளை விளம்பரத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஃபெமினாவை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். முதுகுப் பக்கம்தான். "மூஞ்சி தெரிஞ்சா எங்கப்பா கொன்னுருவாரு அண்ணாச்சி," என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். படத்துக்கு மேலே 'காணவில்லை' என்று போட்டார். கீழே, 'இவள் யார் வீட்டுப் பிள்ளை? தெரிந்தால் அழைக்கவும்' என்று எழுதித் தன் நம்பரைக் கொடுத்தார். கலரில் அடிக்க வசதியில்லை. ஜெராக்ஸ்தான் எடுத்தார். அதனாலேயே அது அசல் அறிவிப்பு மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, மார்க்கெட் என்று கால் கடுக்க நடந்து ஒட்டிவிட்டு வந்தார்.

யாராவது கூப்பிட்டால் அவர் பேசமாட்டார். மூச்சு மட்டும் விடுவார். சைனஸ் தொந்தரவு உள்ளவர். சும்மா விட்டாலே அடுத்த அறைக்குக் கேட்கும். கொஞ்ச நேரம் மூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார். பின்னாலேயே வாட்ஸாப்பில் அந்த நம்பருக்கு வெள்ளிக்கிழமைக் காட்சிக்கான அழைப்பு போய்ச் சேரும்.

முதலில் கூப்பிட்டவன் ஒரு காலேஜ் பையன். "ஏலே, எவளோ மூச்சு விடுதாலே!" என்று அலறிப் போனைப் போட்டுவிட்டு ஓடினான். மந்திரமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அவர் ஒரு மனிதனை அசைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. வருகிறோம், வருகிறோம் என்று பதில்களும் வந்தன. வெள்ளிக்கிழமை அரங்கு நிரம்பிவிடும் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் இன்னொரு அழைப்பு வந்தது. மந்திரமூர்த்தி வழக்கம்போல மூச்சு விட்டார்.

"அலோ," என்றது வயதான ஆண் குரல். "பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்தேன். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவன். அந்தப் பின்னல்... அலோ?"

மந்திரமூர்த்தி மூச்சு விட்டார்.

பெரியவர் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"ஏளா... செம்பகம்?"

மந்திரமூர்த்தி போனைக் காதோடு நெருக்கிப் பிடித்தார்.

"நீயேதான் ஒட்டுனியா? எங்களைத் தேடுதியாளா? யாரு வீட்டுப் பிள்ளைன்னு போட்டிருக்கியே. நம்ம வீட்டுப் பிள்ளைதான்ளா. அன்னைக்கு நான் கை நீட்டுனது தப்பு. பேச வேண்டாம். கோவம் தீர்ந்த பொறவு பேசு. மூச்சுச் சத்தம் கேக்குதுல்லா, அது போதும் எனக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஐயா, இது படம், நான் ஆம்பளை என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. போனை வைக்கவும் கை வரவில்லை. அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். "செம்பகம்? செம்பகம்?" என்று அந்தக் குரல் பதறியதும் மறுபடி விட்டார்.

வாட்ஸாப் அழைப்பு போகவில்லை. பெரியவரிடம் இருந்தது பட்டன் போன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது அழைப்பு. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் எடை போடுகிறவர் அவர். வேலை முடிந்ததும் கூப்பிடுகிறார். அன்று வந்த காய் நல்ல காயா சொத்தையா என்று சொன்னார். மகள் விட்டுப்போன தையல் மெஷினை விற்கவில்லை, துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறது என்று சொன்னார். மந்திரமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் எத்தனையோ அப்பாக்கள் அழுவதைப் பக்கத்தில் நின்று எடுத்தவர்தான். அப்போதெல்லாம் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றுதான் பார்த்திருக்கிறார்.

அதற்கடுத்த நாள் பெரியவர் சொன்னார்: "உங்கம்மைகிட்ட நம்பரைக் குடுத்துட்டேன். குடுத்ததுலருந்து அதையே கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கூப்பிட்டா நீ வச்சிருவியோன்னு பயப்படுதா. தைரியம் வந்ததும் கூப்பிடுவா."

அன்று மந்திரமூர்த்தியால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் கல்லூரிக்கே போனார். எடிட்டிங் அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை. ஜெஸிந்தா மேடம் பரீட்சைப் பேப்பரால் விசிறிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி மார்க் போட்டுக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தி எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார்.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"'யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு போட்டீங்களா?"

"நீங்க சொன்னதுதான மேடம்."

"ஆமா," என்றார் மேடம். "நான் சொன்னதுதான்."



"நான் என்ன செய்யட்டும் மேடம்? உண்மையச் சொன்னா அவரு தாங்க மாட்டாரு. சொல்லாட்டா என்னால தாங்க முடியல."

"எப்பக் கூப்பிடுவாரு?"

"இப்ப."

மேடம் அவர் கையிலிருந்த போனை வாங்கி மேஜை நடுவில் வைத்தார். பேப்பர்களை ஒதுக்கினார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மந்திரமூர்த்தியின் சட்டை நனைந்துவிட்டது.

போன் அடித்தது.

"எடுங்க."

"மேடம்..."

"எடுங்க அண்ணாச்சி."

எடுத்தார்.

"ஏளா செம்பகம், இன்னைக்கு மழை பேஞ்சிட்டு," என்றது குரல்.

"ஐயா," என்றார் மந்திரமூர்த்தி. "நான் செம்பகம் இல்லய்யா. எம் பேரு மந்திரமூர்த்தி. காலேஜ்ல படிக்கேன். அது ஒரு பேய்ப்படத்துக்கு ஒட்டுன போஸ்டர்யா. இத்தன நாளும் மூச்சு விட்டது நான்தான். மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. மந்திரமூர்த்திக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போனது. போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பேசுங்கய்யா, திட்டவாவது செய்யுங்கய்யா என்று மனதுக்குள் கெஞ்சினார்.

"அந்தப் போட்டோவுல உள்ள பிள்ளை?" என்றார் பெரியவர் கடைசியில்.

"எங்கூடப் படிக்கிற பிள்ளைங்கய்யா."

"வீட்டுல இருக்காளா?"

"இருக்காய்யா."

"அவ அப்பனோட?"

"ஆமாய்யா."

"அப்பச் சரி தம்பி."

போன் நின்றது.

மந்திரமூர்த்தி போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனார். ஜன்னல் வழக்கம்போல மாட்டிக்கொண்டது. இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் திறந்தது.

"இப்பவே போறேன் மேடம்," என்றார் மந்திரமூர்த்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒட்டுனது பூராத்தையும் கிழிச்சிருதேன். வாறேன்னு சொன்னவங்களுக்கும் உண்மைய எழுதிப் போட்டுருதேன்."

"எழுதுனா நாளைக்கு யாரும் வரமாட்டாங்களே."

"வர வேண்டாம் மேடம்."

"மறுபடியும் பெயிலு போட வேண்டியிருக்கும்."

"போடுங்க மேடம். எனக்கு மண்டபம் இருக்கு."

மேடம் தலையை ஆட்டினார். பெயில் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

மந்திரமூர்த்தி எழுந்து வாசல் வரைக்கும் போனார். போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்லா மேடம், ஜனங்க எதுக்குப் பயப்படுவாங்கன்னு. இனிமே யாருகிட்டயும் அதைக் கேக்க மாட்டேன். போற வழியில சிம்மையும் மாத்திருதேன். இந்த நம்பரை வச்சுக்கிட்டு என்னால முடியாது."

"போஸ்டரைக் கிழிங்க அண்ணாச்சி. நம்பரை மாத்தாதீங்க."

"எதுக்கு மேடம்? அவருகிட்டதான் சொல்லியாச்சே."

மேடம் மேஜையில் கிடந்த போனை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போயி அந்த அம்மாகிட்ட இதைச் சொல்ல அவருக்கு வாய் வரும்னு நினைக்கீங்களா?"

மந்திரமூர்த்தி போனைப் பார்த்தார்.

"அவங்க இன்னும் கூப்பிடலையே," என்றார் மேடம்.