மோந்து பார்த்த குரங்கு

குளக்கரை வெட்டவெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி தரையிலேயே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. எதிர்ப்புதரில் ஒரு நரி இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பயந்துபோய், பக்கத்து விளாமரத்தில் வசித்த நெடுங்கையன் என்ற குரங்கிடம் காவல் கேட்டது.

"கவலைப்படாதே தங்கச்சி. நான் எறியும் காய் நரியின் காலை ஒடித்துவிடும்," என்றான் நெடுங்கையன்.

காய்கள் தொங்கும் நுனிக்கொம்பு குரங்கின் கனத்தைத் தாங்காது. அதனால் செம்பி என்ற அணில் மேலிருந்து காயைக் கடித்துப் போடும். நெடுங்கையன் அடிக்கிளையில் நின்று பிடித்து எறிவான். முன்கூட்டியே பறித்து வைத்திருக்கலாம்தான். ஆனால், கையில் உள்ளதைத் தின்னாமல் வைத்திருக்கும் குரங்கு இன்னும் பிறக்கவில்லை.

முதல் நாள் நரி பாய்ந்து வந்தது. குருவி கத்தியது. செம்பி காயைப் போட்டது. நெடுங்கையன் எறிந்த காய், நரி கடந்துபோன இடத்தில் விழுந்தது. ஒரு முட்டை போயிற்று.

'கையில் பலம் போதவில்லை' என்று நினைத்தான். பகலெல்லாம் கிளையில் தொங்கித் தோளை முறுக்கேற்றினான். காய் இப்போது விர்ரென்று பறந்தது. அப்போதும் நரியின் வாலுக்குப் பின்னால்தான் விழுந்தது. இன்னும் இரண்டு முட்டைகள் போயின.

"நீ மெதுவாகப் போடுகிறாய்!" என்று செம்பியின் மேல் பாய்ந்தான்.

"விழுற காயை எப்படிண்ணே வேகமா விழ வைக்கிறது?" என்றது செம்பி.

கத்திக் கத்திக் குரல் உடைந்திருந்த குருவி மரத்தடிக்கு வந்தது. "உங்க கையில குறை இல்லைண்ணே. காய் கைக்கு வந்ததும் பழுத்திருக்கான்னு மோந்து பாக்குறீங்க. அப்புறம்தான் என் பக்கம் திரும்புறீங்க. அதுக்குள்ள நரி முட்டைகிட்ட வந்துடுது."

"நானா மோந்து பார்க்கிறேன்?"

செம்பி ஒரு காயைக் கடித்துப் போட்டது. நெடுங்கையன் பிடித்தான். காய் அவன் மூக்கருகில் இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே நிற்கும் விதத்தை மாற்றினான். காய் வருவதற்கு முன்பே இடது தோளை முட்டைப் பக்கம் திருப்பி வைத்தான். இரு கைகளையும் சேர்த்தே காயைப் பிடித்தான். பிடித்த காயை மூக்குக்குக் கொண்டுபோகாமல் காதோரம் கொண்டுபோய், அங்கிருந்தே எறிந்தான். கை பழையபடி மூக்குக்குப் போனபோதெல்லாம் செம்பி "காது!" என்று கத்தியது.

மறுநாள் கடைசி முட்டைக்காக நரி வந்தது. காய் விழுந்தது, பிடித்தான், எறிந்தான். பாதி வழியிலேயே நரியின் முன்னங்காலில் அடி விழுந்தது. நரி ஊளையிட்டு நொண்டியபடி ஓடியது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

நரியின் காலில் பட்டு உடைந்தது நல்ல பழம். வாசனை கரையெங்கும் பரவியது. நெடுங்கையன் இறங்கிப்போய் அதை எடுக்கவில்லை.

சில நாளில் ஒற்றைக் குஞ்சு தாயின் பின்னால் தண்ணீருக்கு நடந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று நடந்திருக்க வேண்டும். நெடுங்கையன் அந்த வெற்றுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை பிந்துகிறது என்றால், பலத்தைக் கூட்டுவதற்கு முன் நம் பழக்கம் எந்தக் கணத்தை வீணாக்குகிறது என்று பார்த்து அதை விட்டொழிக்க வேண்டும்.