சாரிகை உலுக்கிய ஜூனிபர் புதர்

பனிமலைக்கு அந்தப் பக்கம், ராஜாக்கள்கூட எட்டிப் பார்க்காத ஓர் ஊர் இருந்தது, கேளுங்கள். அங்கே சாரிகை என்று ஒரு வைத்தியச்சி. அவளுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஜூனிபர் என்ற ஊசியிலைப் புதர்கள் இருந்தன. அவற்றின் பழம் வயிற்று உப்புசத்துக்குக் கஷாயம். நெஞ்சுச் சளிக்குப் பொடி. சாவு விழுந்த வீட்டுக்குப் புகை. எதற்கும் சாரிகைதான் மலையேற வேண்டும்.

புதருக்கடியில் கம்பளியை விரிப்பாள். கிளையை மூன்று தட்டுத் தட்டுவாள். பழுத்துக் கறுத்தது உதிரும். பச்சைக்காய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது கறுக்க இன்னொரு வருஷம் ஆகும். நான்காவது தட்டுக்குக் காயும் உதிர்ந்துவிடும்; அதை அவள் தட்டியதே இல்லை. ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. தான் இல்லாமல் ஊர் நடக்காது என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை வேறு!

முழங்கால் தேய்ந்தது. முதுகு வளைந்தது. மனசும் அலுத்துப்போனது.

ஒரு குளிர்காலக் காலையில் ஊர்த்தலைவன் உக்கிரன் வந்து கதவைத் தட்டினான். "அம்மா, மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கு."

சாரிகைக்குப் பொறுக்கவில்லை. "புதருக்கென்ன பூட்டா போட்டிருக்கு? நீங்களே போய்ப் பறிச்சுக்குங்க!" என்று கதவைச் சாத்திவிட்டுப் படுத்தாள். பல வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள், பாவம்.

ஊரே மலையேறியது. கறுப்பு, பச்சை என்று பார்க்காமல் உருவி எடுத்தார்கள். சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பரணில் போட்டார்கள். பச்சைக்காய் பூசணம் பிடித்து வீணாய்ப் போயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் சாரிகையின் புருஷன் கோமுகனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. அவள் மலைக்கு ஓடினாள். முதல் தட்டுக்குப் பனி விழுந்தது. இரண்டாவதற்குச் சருகு விழுந்தது. மூன்றாவதற்கு ஒன்றுமே விழவில்லை.

இறங்கி வந்து உக்கிரனின் சட்டையைப் பிடித்தாள். "மொட்டையடிச்சிட்டீங்களேடா, பாவிகளா!"

"நீங்கதானேம்மா பறிக்கச் சொன்னீங்க?" என்றான் அவன், திகைத்துப்போய். "எதை விடணும்னு சொல்லலையே."

அவள் பிடி தளர்ந்தது. ஊர் முழுக்க வீடு வீடாய்க் கேட்டுப் பார்த்தும் ஒரு கறுத்த பழம்கூட மிச்சமில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பனி உருகும் முன் கோமுகன் போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டுக்குப் புகை போட வேண்டும். பழம் இல்லை, மலையிலிருந்து அந்தப் புதரின் சுள்ளியாவது வேண்டும். வழக்கம்போல அவளே எழுந்தாள். வாசல் வரை வந்ததும் கால் நகரவில்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்து, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எனக்கு முடியல. யாராவது கூட வாங்க."

உடனே எல்லோரும் எழுந்தார்கள். உக்கிரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: சுமக்கிறவர் சலித்துப்போய்ச் சுமையைக் கீழே போடும் முன், வாய்விட்டுத் துணை கேட்க வேண்டும்.