ஈர உடுக்கை

மலையடிவாரத்தில் உடுக்கை அடித்துப் பாடுகிறவள் நாச்சாள். அவளிடம் பாட்டுக் கற்றவன் சென்னியப்பன். அவனைவிட நாலே வயது மூத்தவள். இருந்தாலும் ஆசான் ஆசான்தான்.

இருபத்திரண்டு வயதில் சென்னியப்பன் ஓர் ஆல்பம் போட்டான். எட்டுப் பாட்டு. எல்லாம் அவனே எழுதியது. அப்பன் செத்த ஐப்பசியில், ஓயாத மழைக்கு நடுவே பதிவு செய்தது. ஈரத்தில் உடுக்கைத் தோல் தளர்ந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒலித்தது. பஸ்ஸில் அதைக் கேட்டவர்கள் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டார்கள்.

இரண்டு வருடம் போனது. ஒரு மார்கழிக் காலை. பனியில் மலை தெரியவில்லை. எதிர்வீடும் தெரியவில்லை. நாச்சாள் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பனிக்குள்ளிருந்து முதலில் உடுக்கை வந்தது, அப்புறம் சென்னியப்பன் வந்தான்.

“அக்கா, அடுத்த ஆல்பம் வர மாட்டேங்குதுங்க.”

“ஏன்?”

“துக்கம் வர மாட்டேங்குதுங்க. எல்லாரும் அந்த எட்டுப் பாட்டு மாதிரியே கேக்கறாங்க.”

“இப்ப உனக்கென்ன சந்தோசம்?”

“பொண்ணு பொறந்திருக்குதுங்க. நாப்பது நாளாச்சு.”

“யாராட்ட இருக்குது?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தான்.

“இன்னும் பாக்கலைங்க. மாமனார் ஊட்டுல இருக்குது. பாத்தா, இருக்கற கொஞ்சநஞ்சத் துக்கமும் போயிருமுன்னு...”

“பேரு?”

“நான் வந்தாத்தான் வெக்கறதுன்னு காத்துட்டு இருக்கறாங்க.”

நாச்சாள் கையை நீட்டினாள். உடுக்கையைக் கொடுத்தான். தோலை விரலால் அழுத்தினாள். மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

“நாறுது. கெணத்துல கிணத்துல உழுந்தியா?”

“இல்லீங்க. தெனமும் தண்ணி தெளிக்கறனுங்க. அந்தச் சத்தம் வேணுமில்லீங்களா?”

“வந்துச்சா?”

“எங்கீங்க. தொப்பு தொப்புங்குது.”

“பின்ன? இன்னும் நாலு நாள் போனா தோலு கிழிஞ்சுரும். அப்ப நீ உக்காந்து அழுவலாம், நல்லா.”

அடுப்புத் தணலுக்கு மேலே உடுக்கையைத் தூக்கிப் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். தோலிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்தது. எது ஆவி, எது பனி என்று தெரியவில்லை. சென்னியப்பனுக்குக் கண் சொருகியது. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது போலிருந்தது. திரும்பினான். வெறும் வெண்மை.

நாச்சாள் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்து, ஒரு விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒலி எழுந்து பனிக்குள் போனது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ தொழுவத்தில் ஒரு மாடு கழுத்து மணியை ஆட்டியது.

சென்னியப்பன் அந்தப் பக்கம் காது கொடுத்தான்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஆல்பத்துல கேட்ட சத்தம் இது இல்லீங்களே.”

“அன்னைக்கு யாரு தண்ணி தெளிச்சா?”

“யாரும் தெளிக்கலைங்க. மழைங்க.”

நாச்சாள் சூடு ஆறாத உடுக்கையை அவன் கையில் வைத்தாள்.

“மழை நின்னு ரெண்டு வருசமாச்சு. போய்ப் புள்ளைக்குப் பேரு வை.”