தண்ணீர் கேட்காத நெல்

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தாவரவியல் துறைத் தலைவர் அருணகிரிநாதன், பதினைந்து நாள் தண்ணீரே இல்லாமல் பச்சை மாறாத நெல்லைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேட்டி கொடுத்தார். அதை நேரில் பார்க்க டெல்லியிலிருந்து நிபுணர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. உடனே செடிகளைப் பராமரிக்கும் தற்காலிகப் பணியாளர் சொர்ணத்தைக் கூப்பிட்டார்.

“இன்னையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூடாது. ஒரு இலையும் வாடக்கூடாது. வாடினா உனக்கு இங்க வேலை கிடையாது.”

பதினோரு வருடமாகச் செடி பார்த்தவள் சொர்ணம். நாலே நாளில் நெல் சுருண்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரிங்க சார். நாளைக்கு யாரும் என்னைச் சந்தேகப்படக்கூடாது. நெல் நிக்கிற கண்ணாடிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள்.

அந்த யோசனை அவருக்கும் வசதியாகவே இருந்தது.

பதினாறாம் நாள் குழுவின் முன்னால் அவரே பூட்டைத் திறந்தார். நெல் பச்சைப்பசேலென்று நின்றது. குழுத் தலைவி வியந்துபோய், “இடையில யாரும் உள்ள வரலையே?” என்று கேட்டார்.

“சாவி என் பையை விட்டு இறங்கவே இல்லை, மேடம்.”

சொர்ணம் பணிவாக முன்னால் வந்தாள்.

“மேடம், பூட்டுன அன்னைக்கு நெல்லுக்கு நடுவுல கொஞ்சம் கீரை விதை தூவுனேன். கடையில வாங்குன சாதாரண விதைதான். அதுவும் தண்ணியில்லாம நாலு விரல் உயரம் வளர்ந்திருக்கு. சாரோட கண்டுபிடிப்புல அதையும் சேர்த்துக்கணும்.”

தலைவி குனிந்து மண்ணைத் தொட்டார். விரலில் ஈரம் ஒட்டியது.

அருணகிரிநாதன் மறுநாளே மருத்துவ விடுப்பில் போனார். நெல் வாடாததால் சொர்ணத்தின் வேலையும் போகவில்லை. குழுவின் அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘கீரை நன்றாக வளர்ந்திருந்தது.’