எழுப்பாமல் விட்ட இரவு

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு தீமேடை, இரண்டு பேர். அவ்வளவுதான்.

குரு உலகம்மைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் சேந்தனுக்கு ஐம்பது. மனைவி இறந்த பிறகு வந்து சேர்ந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

வேலை வானத்தைப் பார்ப்பது. விடிவதற்கு முன் கிழக்கே வெள்ளி முளைத்ததும் மேடையில் தீ வைக்க வேண்டும். கீழே குப்பத்தில் தீயைப் பார்த்துப் படகை இறக்குவார்கள். ஆற்றின் வாயில் மணல்திட்டு இருக்கிறது. வெள்ளி முளைத்துக் கிளம்பினால், திட்டுக்குப் போய்ச் சேரும்போது அலை எங்கே உடைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். முன்னால் போனால் இருட்டு. பின்னால் போனால் மீன் இருக்காது.

மடத்துக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் பார்த்தால் போதாது. மற்றவரை எழுப்பிக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் வெள்ளி என்று சொன்ன பிறகுதான் தீ.

போன அமாவாசைக்கு முன் ஒன்பது நாள் மேகம். வானமே தெரியவில்லை. குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை, யாரும் வயிறாரச் சாப்பிடவும் இல்லை. பத்தாம் இரவு கிழக்கே மேகம் கிழிந்தது. நடுவில் ஒன்று தகதகவென்று நின்றது. குரு காய்ச்சலில் கிடந்தார். சேந்தனுக்கு எழுப்ப மனம் வரவில்லை. தானே தீ வைத்தார்.

அது வெள்ளி இல்லை, வியாழன்.

இருட்டில் திட்டு அலையில் படகு கவிழ்ந்து நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் காத்தான். சேந்தனின் மகள் பேச்சிக்குப் புருஷன்.

முப்பதாம் நாள் படையல் முடிந்த சாயங்காலம் பேச்சி குன்றேறி வந்தாள். குரு கொட்டகைக்குள் தன் பக்கத்தை மறைத்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருந்தார். வெளியே வரவில்லை.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் சேந்தன்.

"வேண்டாம். நாளைக்குத் தீ வைக்கணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் இப்பல்லாம் மேலே பாக்கறதில்ல."

"நீங்க பாக்காட்டி எங்க அடுப்பு எரியுமா? நிலா இருந்த வரைக்கும் அதை வச்சு ஓட்டினாங்க. இப்ப அதுவும் தேஞ்சு போச்சு. மறுபடியும் அமாவாசை."

"வேற யாரையாவது..."

"இங்க வேற யாருப்பா இருக்கா?" பேச்சி சுற்றிலும் பார்த்தாள். "என் கொழுந்தன் மாசானம் நாளைக்குப் போறான். தீ எரிஞ்சாலும் போவான், எரியாட்டியும் போவான். எரிஞ்சா நேரத்துக்குப் போவான். அவ்வளவுதான் வித்தியாசம்."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

இருட்டியது. குரு வெளியே வந்து உட்கார்ந்தார். சேந்தன் கிழக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னால் வியாழன் முளைத்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"அன்னைக்கு உங்களை எழுப்பியிருந்தா, சரியாச் சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்றால் நாலு பேரைக் கொன்றது சேந்தனின் இரக்கம். இல்லை என்றால் குன்று, மடம், விதி எல்லாமே வெட்டி. எந்தப் பதில் வந்தாலும் அவருக்குப் போக்கிடம் இல்லை. தெரிந்துதான் கேட்டார்.

குரு எழுந்தார். "உள்ள வாங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் சேந்தன் ஒருநாளும் போனதில்லை. அங்கே ஒரு பாய் விரித்திருந்தது.

"படுங்க."

"உங்க பாயிலயா?"

"படுங்க அண்ணே."

படுத்தார். எதிரே சுவரில் ஓலை ஒரு முழத்துக்குப் பிய்ந்திருந்தது.

"என்ன தெரியுது?"

"வானம்."

"எந்தப் பக்கத்து வானம்?"

சேந்தன் பார்த்தார். ஓட்டைக்கு நடுவில் வியாழன் நின்றது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"முழிச்சிருந்தீங்களா?"

"முழிச்சுத்தான் இருந்தேன். நானும் பாத்தேன். வெள்ளின்னுதான் நினைச்சேன். காய்ச்சக்காரின்னு எழுப்பாம விட்டாரே, நல்ல மனுஷன்னு நினைச்சிட்டுத் திரும்பிப் படுத்தேன்."

"ஒரு மாசமா ஏன் சொல்லல?"

"பயம்."

"என்கிட்டயா?"

"பேச்சிகிட்ட."

சேந்தன் பாயை விட்டு எழுந்து நின்றார். "நீயெல்லாம் ஒரு குருவா?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லுக்கு மேல் சேந்தனால் கத்த முடியவில்லை. வெளியே போய் மேடையருகே உட்கார்ந்தார். குரு பாயில் படுத்துக்கொண்டார். தூங்கினாரா என்று யாருக்குத் தெரியும்.

வேறு வழியில்லாமல் சேந்தன் கிழக்கைப் பார்த்தார். மேடையருகே இருந்து பார்ப்பது ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. வியாழன் உச்சிக்கு ஏறிவிட்டது. கடல் விளிம்பு கறுப்பாகக் கிடந்தது. பிறகு தண்ணீரை ஒட்டி ஒன்று வந்தது. வெள்ளை. அசையாத வெள்ளை. கீழே மணலில் ஒரு லாந்தர் ஆடியது. மாசானம்.

பந்தத்தை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு உள்ளே போய், குருவின் தோளைத் தொட்டார்.

"அம்மா, எழுந்திரிங்க. கிழக்கே ஒண்ணு முளைச்சிருக்கு."

குரு வந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வெள்ளி," என்றார்.

"அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சோம்."

"ஆமா."

"இன்னைக்கும் தப்பா இருந்தா?"

சேந்தன் கையில் இருந்த பந்தத்தின் அடியைக் குருவும் சேர்த்துப் பிடித்தார். தீ பற்றியது. கீழே லாந்தர் நகர்ந்தது. தண்ணீரில் இறங்கியது. சின்னதாகிக்கொண்டே போனது.

இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காரத் தோன்றவில்லை.

வெளிச்சம் சரியான நேரத்துக்கு வந்தது. அலை உடையும் இடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மாசானத்தின் படகு அதற்கு முன்னால் கொஞ்சம் நின்றது. கோட்டில் இடைவெளி பார்த்து ஒரே மூச்சில் தாண்டியது.

சேந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் இல்லை. இதே வெளிச்சம்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் நாலு பேருக்குக் கிடைக்காத வெளிச்சம்.

"எழுப்பியிருந்தாலும் அவங்க செத்திருப்பாங்க," என்றார்.

"செத்திருப்பாங்க."

"ஒருத்தர் பாத்தாலும் சாவு, ரெண்டு பேர் பாத்தாலும் சாவு. அப்புறம் எதுக்கும்மா அந்த விதி?"

தீ அணைந்துகொண்டிருந்தது. வானத்தில் வெள்ளியும் மங்கிக்கொண்டிருந்தது. குரு அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க எழுப்பியிருந்தா, நேத்து பேச்சி வந்தப்ப நான் தட்டிக்குப் பின்னால நின்னிருக்க மாட்டேன் அண்ணே. உங்க பக்கத்துல நின்னிருப்பேன்."