மணத் தோட்டத்துக்கு வந்த நரி

புனுகுப்பூனை தன் பாறைக்குப் பின்னால் இருந்த சொந்த நிலத்தில் ஒரு விசித்திரமான தோட்டம் போட்டிருந்தது. அங்கே கண்ணால் பார்க்க ஒன்றும் கிடையாது. எல்லாம் முகர்வதற்குத்தான். வருகிறவர்கள் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் போகிறவரின் வாலைப் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும்.

அன்று மாலை புனுகுப்பூனையின் பின்னால் காட்டெருமை வந்தது. அதன் வாலைக் குரங்கு பிடித்திருந்தது. குரங்கின் வாலை முயல் பிடித்திருந்தது. முயலின் வால் யாரும் பிடிக்கும் அளவுக்கு இல்லை. அதனால் அதுதான் கடைசி.

வேலிக்கு வெளியே ஒரு நரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தானாக நடந்து வரும் முயல் எங்கே கிடைக்கும்? பாதை வளையும் இடத்தில் முயலைக் கவ்விக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான். தன் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் அதற்குத் தெரியும். ஓடைக்கரையிலிருந்து தாழம்பூவைப் பறித்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டது. வேலிக்குள் நுழைந்து, முயலின் பின்னால் சத்தமில்லாமல் நடந்தது.

செண்பகம் தாண்டியது. மரிக்கொழுந்து தாண்டியது. மகிழ மரத்தடியில் புனுகுப்பூனை நின்றுவிட்டது. பாம்பு வந்து தங்கும் என்று அது தன் தோட்டத்தில் தாழையே வைக்கவில்லை. பின்னே இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

"கடைசியில் யார் வருவது?" என்று கேட்டது.

"நானும் முயல்தான். மேட்டுக்காட்டு முயல்," என்றது நரி, குரலை மெல்லியதாக்கி. மணத் தோட்டத்துக்கு வருகிறோமே என்று பூ வைத்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னது.

முன்னால் இருந்த முயல் குரங்கை ஒட்டிக்கொண்டது. மேட்டுக்காட்டில் முயலே கிடையாது என்று அதற்குத் தெரியும்.

"ரொம்ப சந்தோஷம்," என்றது புனுகுப்பூனை. "காட்டெருமை அண்ணா, நீங்கள் பின்னால் போய் அந்த மேட்டுக்காட்டு முயலின் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

ஓடிவிடலாமா என்று நரி ஒரு கணம் யோசித்தது. கண்ணை மூடியிருக்கும் எருமைக்கு என்ன தெரியப்போகிறது என்று தைரியம் வந்தது. வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

காட்டெருமை மூச்சை இழுத்து இழுத்துத் தேடியது. கொத்தாக மயிர் மூக்கில் பட்டது. லபக்கென்று கவ்வியது.

"முழ நீளத்துக்கு வால் வைத்திருக்கிறதே, இது என்ன முயல்?" என்று பல்லுக்கிடையிலேயே கேட்டது.

"விட்டுவிடாதீர்கள் அண்ணா! எல்லாரும் கண்ணைத் திறங்கள்!" என்று கத்தியது புனுகுப்பூனை.

குரங்கு முயலைத் தூக்கிக்கொண்டு மகிழ மரத்தில் தாவியது. நரி ஊளையிட்டது, உதைத்தது, இழுத்தது. கடைசியில் பாதி வால் மயிரை எருமையின் வாயில் விட்டுவிட்டு வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

"தூ! மேலேதான் தாழம்பூ. உள்ளே வெறும் நரி," என்று எருமை துப்பியது.

முயலை வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று புனுகுப்பூனை கேட்டது. மரத்திலிருந்து இறங்கிய முயல் குரங்கின் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "இன்னும் மனோரஞ்சிதம் இருக்கிறதே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது.

பிறர் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று நம்பி ஏமாற்ற வருகிறவன், அவர்களுக்கு மூக்கும் காதும் மூளையும் இருப்பதை மறந்து மாட்டிக்கொள்வான்.